நாவுக்கரசர் கண்ட இன்பம்

உலகத்து உயிர்கள் யாவும் இன்பத்தையே நாடுகின்றன. நாடியது கைவந்ததென்று எண்ணிய கணத்திலேயே அது நழுவிப் போவதையும் காண்கின்றன. செல்வத்திலும் கல்வியிலும் பதவியிலும் தேடிக் காணாத இன்பத்தை, ஆலய வீதியிற் புல்லைச் செதுக்கிக் கண்டவர் ஒருவர் நம் சமயகுரவருள் உள்ளார். அவரே திருநாவுக்கரசு சுவாமிகள். சித்திரைச் சதயந்தோறும் அவருடைய குருபூசையைக் கொண்டாடும் நாம், அவர் பட்ட துன்பங்களை விரித்துப் பேசுகிறோம். அத்துன்பங்களின் நடுவே அவர் பெற்றிருந்த இன்பம் எத்தகையது என்பதை அத்துணை ஆராய்வதில்லை.

சுவாமிகள் 7ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். அவர் வரலாற்றை நமக்கு விரிவாகத் தருவது 12ஆம் நூற்றாண்டிற் சேக்கிழார் பாடிய பெரியபுராணம். திருமுனைப்பாடி நாட்டுத் திருவாமூரிலே புகழனார்க்கும் மாதினியார்க்கும் மகனாராய்த் தோன்றினார். பெற்றோர் இட்ட பெயர் மருணீக்கியார். அவருக்கு மூத்தவர் திலகவதியார்.

இத் தமக்கையாரை விட்டுத் தம்பியாரின் கதையைச் சொல்லுதல் இயலாது. பன்னிரண்டு வயதில் அவரைக் கலிப்பகையார் என்னும் சேனைத் தலைவர்க்கு மணம் பேசினார்கள். மணம் நிகழுமுன்னரே கலிப்பகையார் அரசன் ஆணையால் வடபுலத்துப் போருக்குச் சென்றார். அவர் சென்றிருந்த காலத்திற் புகழனார் நோயுற்று இறந்தார். மாதினியாரும் கணவரோடு உயிர் நீத்தார். பின்னர்ப் போர்க்களத்திலிருந்து கலிப்பகையார் இறந்த செய்தி வந்தது. இனித் தாமும் இறப்பதே தக்கதெனத் துணிந்த திலகவதியாரின் அடிகளில் இளந்தம்பியார் விழுந்து அழுதார். தமக்கையும் போய்விட்டால் அவருக்கு முன்னே தாம் உயிர் விடுவதாகக் கூறினார். தம்பி வாழ வேண்டும் என்ற ஒன்றுக்காகவே அப்பெண் தம் உயிரைத் தாங்கிக்கொண்டார். பொன்னணி பூணாது, எவ்வுயிர்க்கும் அருள் புரிந்து, மனையிலே தவமிருந்தார். நாயன்மார் அறுபத்து மூவர் தொகையில் திலகவதியாரின் பெயர் இல்லை. ஆயினும் அவர் அன்று இறந்திருந்தால் நமக்கு நாவுக்கரசரும் இல்லை, நான்காம் ஐந்தாம் ஆறாம் திருமுறைகளும் இல்லை.

மருணீக்கியார் வளர்ந்தார். நிலையாமையை இளமையிலேயே கண்டவராதலின் நிலைத்த ஒன்றைத் தேடினார். முதலிற் செல்வத்தை அறத்திற் செலவிட்டார். சோலை வைத்தார், குளம் தொட்டார், தண்ணீர்ப் பந்தர் அமைத்தார். மனம் அமைதியுறவில்லை. பின்னர்ப் பாடலிபுத்திரம் என வழங்கிய திருப்பாதிரிப்புலியூரை அடைந்து சமண நூல்களைக் கற்றார். இந்நாளைய கடலூரின் ஒரு பகுதியே அவ்வூர். அங்கே தருமசேனர் என்னும் பெயரோடு தலைமைப் பதவியையும் பெற்றார். சமணர் கல்வியிற் சிறந்தவர். தமிழுக்கு அவர்கள் செய்த தொண்டு பெரிது. அவர்களிடம் மருணீக்கியார் கற்ற கல்வியை நாம் குறைத்துப் பேச வேண்டியதில்லை. அறிவும் புகழும் அவருக்குக் குறைவறக் கிடைத்தன.

அந்நிலையிற் சூலைநோய் வந்தது. மந்திரமும் மயிற்பீலியும் பயன்படவில்லை. வயிற்றைக் குடையும் வேதனையில் அவருக்கு நினைவு வந்தவர் தமக்கையாரே. அவரோ அக்காலத்தில் கெடில நதிக்கரையிலே திருவதிகை வீரட்டானத்தில் அலகிட்டு, மெழுகி, மலர் கொய்து தொண்டு செய்துகொண்டிருந்தார். தருமசேனர் சமையற்காரனை அனுப்பி அழைத்தார். அவர் சமண் பாழிக்கு வர மறுத்துவிட்டார். கல்நெஞ்சோ என்று தோன்றும். ஆனால் தம்பி தாமே எழுந்து வரவேண்டிய தூரம் ஒன்று உண்டு என்பதை அவ்வம்மையார் அறிந்திருந்தார். பாயையும் குண்டிகையையும் பீலியையும் விட்டு, வெள்ளாடை உடுத்து, இரவிலே யாருமறியாமல் நடந்து வந்து அவர் பாதத்தில் வீழ்ந்தார் தருமசேனர். தமக்கையார் ஏசவில்லை, வாதிக்கவில்லை. ஐந்தெழுத்தை ஓதித் திருநீறு கொடுத்தார். விடியுமுன் திருவலகும் மெழுக்குத் தோண்டியும் எடுத்துக் கோயிலுக்குப் புறப்பட்டபோது தம்பியையும் உடன் அழைத்துச் சென்றார். அங்கே நோய் தீர வேண்டிப் பாடினார், நோய் தீர்ந்தது, நாவுக்கரசு என்னும் பெயரும் கிடைத்தது.

மிஷன் பாடசாலைகளிற் கற்ற எம்மிற் பலர் விவிலிய வகுப்பில் யோபுவின் சரிதையைக் கேட்டிருப்போம். பொறுத்துக்கொண்ட யோபுவுக்கு இழந்த செல்வம் இரட்டிப்பாகத் திரும்பி வந்தது. நாவுக்கரசருக்கோ அப்படி ஒன்றும் வரவில்லை. இருந்த பதவி போயிற்று. அரசனின் பகையும் வந்தது. நீற்றறையில் ஏழு நாள் அடைத்தார்கள்; நஞ்சூட்டினார்கள்; யானையை ஏவினார்கள்; கல்லோடு கட்டிக் கடலில் வீழ்த்தினார்கள். இவை எங்ஙனம் இயலும் என்று சர்வகலாசாலை நண்பர்கள் கேட்பதுண்டு. அக்கேள்வி நிற்க. அரசன் அழைப்புக்கு மறுமொழியாக அவர் பாடிய மறுமாற்றத் திருத்தாண்டகம் இன்றும் நம் கையில் இருக்கிறது. அதைப் பாடியவர் உள்ளத்தில் அச்சத்தின் நிழல்கூட இருக்கவில்லை என்பதை அறியப் பெரும் புலமை வேண்டியதில்லை. நீற்றறை திறந்தபோது உள்ளே ஆனந்தத்தில் இருந்தவரையே கண்டார்கள் என்கிறார் சேக்கிழார். பிறர் கொடுக்காத ஒன்றைப் பிறர் எப்படிப் பறிப்பது?

அவ்வரசன் முதலாம் மகேந்திரவர்மன் என்பது வரலாற்றாசிரியர் பலர் துணிபு. குணபரன் என்பது அவன் பட்டப்பெயர். அவன் மாற்றுநெறி விட்டுச் சிவலிங்கத்தை வழிபட்டதைத் திருச்சிராப்பள்ளிக் குகைக்கோயிற் கல்வெட்டுக் குறிப்பால் உணர்த்துகிறது. திருவதிகையில் அவன் எடுப்பித்த கோயிலுக்குக் குணபரவீச்சரம் என்று பெயர்.

அரசனே வழிக்கு வந்த பின் நாவுக்கரசர் அரண்மனையில் அமரவில்லை. உழவாரம் ஒன்றைக் கையிற் கொண்டு ஊர் ஊராக நடந்தார். திங்களூரில் அப்பூதியடிகள் தண்ணீர்ப் பந்தர்க்கும் தம் மக்களுக்கும் இவர் பெயரையே இட்டிருந்தார். சீகாழியிலே ஞானசம்பந்தப் பிள்ளையார் இவரை அப்பர் என்று அழைத்தார். அவருடைய புகழெல்லாம் இவ்வாறு தாமே தேடி வந்தவை.

திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது நிகழ்ந்தது மிக இனியது. அடியாரை ஊட்டுவதற்காக இறைவர் சம்பந்தருக்கும் அப்பருக்கும் நாள்தோறும் ஒவ்வொரு காசு அருளினார். அப்பரின் காசு கடையில் முழு மதிப்புக்குச் சென்றது. பிள்ளையாரின் காசுக்கு வட்டம் பிடித்தார்கள். அதனால் அவர் மடத்திற் சமையல் தாமதித்தது. காரணம் என்னவென்று ஆராய்ந்தபோது, அப்பர் கைத்தொண்டு செய்பவர் என்பது விளங்கிற்று. பின்னர்ப் பிள்ளையாரும் பாடி வாசி தீரப் பெற்றார். இறைவர் ஞானப்பால் உண்ட மகவுக்குக் கொடுத்த காசைவிட, கூலியாளைப் போல் மண்ணிற் குனிந்து நின்ற முதியவருக்குக் கொடுத்த காசு முதலில் நல்ல காசாக இருந்தது! இதைப் படிக்கும்போதெல்லாம் திருவதிகையில் அலகிட்ட தமக்கையாரின் கை நினைவுக்கு வருகிறது. அத்தொழிலைத் தம்பியார் கற்றது அங்கேதான்.

கயிலை காண விரும்பி நடந்து, கால் தேய்ந்து, கை தேய்ந்து, உடலாற் புரண்டும் சென்றார். திருவையாற்றிலேயே அக்காட்சியைக் கண்டார். முதுமையில் திருப்புகலூரை அடைந்தார். அங்கும் உழவாரத் தொண்டே. புல்லைச் செதுக்கும் இடமெல்லாம் பொன்னும் நவமணியும் கிடந்து ஒளிவிட்டன. அவற்றையும் பருக்கைக் கற்களையும் அவர் வேறாகக் கருதவில்லை. ஒருசேர உழவாரத்தில் ஏந்திக் குளத்தில் எறிந்தார். அரம்பையர் வந்து ஆடியும் பாடியும் நின்றனர். அவர் மனம் தொண்டிலிருந்து பெயரவில்லை. மருணீக்கியாராய் எத்தனையோ இடங்களில் தேடிய மனம் அது.

81 ஆண்டுகள் வாழ்ந்தார் என்பது மரபு. ஒரு சித்திரைச் சதய நாளில் திருப்புகலூர்ப் பெருமானின் அடிநிழலை அடைந்தார். நம்மூர்க் கோயில்களில் நால்வர் வரிசையைப் பாருங்கள்: குவித்த கைகளோடு நிற்கும் அப்பர் பெருமானின் தோளில் அந்த உழவாரம் இன்றும் சாய்ந்திருக்கிறது.