டாக்டர் இல்லாத ஒருவர்



நம்மில் பலர் கையில் லைசென்ஸ் வந்தாச்சு. திருச்சி ரோடோ, தேவகோட்டை ரோடோ, வண்டியை எடுத்தால் பறக்கிறோம். ஆனால் வழியில் ஒருவர் அடிபட்டுக் கிடந்தால் எத்தனை பேர் இறங்குவோம்? நாம என்ன டாக்டரா என்று ஒதுங்கிப் போகிறவர்கள்தான் அதிகம். ஒதுங்கிப் போகாத ஒருவரைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். அவரும் டாக்டர் இல்லை. அவர்தான் செஞ்சிலுவைச் சங்கம் பிறக்கக் காரணமான ஹென்றி டூனாண்ட்.

1828 மே 8-ல் சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகரில் பிறந்தவர். வியாபாரி. 1859-ல் தம் தொழில் விஷயமாகப் பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனைப் பார்க்க இத்தாலிக்குப் போனார். ஜூன் 24 அன்று அங்கே சால்ஃபெரினோ என்ற இடத்தில் பெரும் போர். காயம்பட்ட ஆயிரக்கணக்கான சிப்பாய்கள் பக்கத்து ஊர்ச் சர்ச்சிலும் தெருவிலும் கேட்பாரற்றுக் கிடந்தார்கள். டாக்டர்களோ மிகக் குறைவு.

டூனாண்ட் வந்த வேலையை ஓரமாக வைத்தார். ஊர்ப் பெண்களைத் திரட்டினார். தண்ணீர் கொடுத்தார், காயத்தைக் கழுவிக் கட்டுப் போட்டார், சொந்தக் காசில் சாமான் வாங்கிவரச் செய்தார். எந்த நாட்டுக்காரன் என்று பார்க்கவே இல்லை.

ஆனால் பழக்கம் இல்லாத கைகளால் பலரைக் காப்பாற்ற முடியவில்லை. அது அவர் மனசை அறுத்தது. முன்கூட்டியே பயிற்சி பெற்ற தொண்டர்கள் எல்லா நாட்டிலும் வேண்டும் என்று 1862-ல் புத்தகம் எழுதினார். 1863-ல் சங்கம் உருவானது. 1867-ல் தொழில் திவாலாகி, பல வருஷம் வறுமையில் வாடினார். 1901-ல் முதல் நோபல் சமாதானப் பரிசு அவருக்கும் பிரெடெரிக் பாஸிக்கும் கிடைத்தது. 1910 அக்டோபர் 30-ல் காலமானார்.

நண்பர்களே, மனசு மட்டும் போதாது, பயிற்சியும் வேணும். இது அவர் வாழ்க்கை சொல்லும் பாடம். ரத்தம் கொட்டினால் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடிக்கணும். கழுத்தைத் திருப்பக் கூடாது. மயங்கியவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. உடனே 108-க்குப் போன் பண்ணணும். இதைக் கற்றுக்கொள்ள எத்தனை நேரம் ஆகும்?

போலீஸ், கோர்ட் என்ற பயமும் வேண்டாம். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், நல்லெண்ணத்தோடு உதவுகிறவருக்குப் பாதுகாப்புத் தருகிறது. பேரைச் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது.

ஆகவே, வண்டி ஓட்டப் பழகிய நாம், வண்டியை நிறுத்தவும் பழகுவோம்!