எஸ். கரிவரதன்

எஸ். கரிவரதன் (1954 – 1995) கோயம்புத்தூரைச் சேர்ந்த தானுந்துப் பந்தய ஓட்டுநரும் பந்தயத் தானுந்து வடிவமைப்பாளரும் ஆவார். கரி எனப் பரவலாக அறியப்பட்டவர்.

அக்காலத்தில் வெளிநாட்டுப் பந்தயத் தானுந்துகளின் விலையும் இறக்குமதி வரியும் மிகுதியாக இருந்தமையால், செல்வந்தர்க்கே இவ்விளையாட்டு எட்டியது. மாருதி 800 தானுந்தின் மூன்று உருளைப் பொறியைக் கொண்டு ஓரிருக்கைப் பந்தயத் தானுந்தை இவர் உருவாக்கினார். உதிரிப் பாகங்கள் உள்நாட்டிலேயே கிடைத்ததால் செலவு குறைந்தது. அனைவருக்கும் ஒரே வகைப் பொறி என்பதால் ஓட்டுநரின் திறமை முதன்மை பெற்றது. பார்முலா மாருதி எனப்பட்ட இவ்வகைப் பந்தயத்தில் தொடங்கிய நரேன் கார்த்திகேயன், 2005 இல் பார்முலா 1 பந்தயத்தில் பங்கேற்ற முதல் இந்தியரானார்.

கரிவரதன் 1995 இல் வானூர்தி விபத்தொன்றில் இறந்தார். கோயம்புத்தூர் அருகே செட்டிபாளையத்திலுள்ள கரி மோட்டார் ஸ்பீடுவே பந்தயத்தடம் இவரது பெயரைத் தாங்கியுள்ளது.