ஆழிக்குமரன் ஆனந்தன்

மைசூர்ச் சீமையில், காவிரியை அடுத்த கோபிநத்தம் போன்ற தமிழ்ச் சிற்றூர்களில் உயர்நிலைப் பள்ளி மாணவன் ஒருவன் பந்தயத்தில் பரிசு பெற்றுத் திரும்பினால், அப்பரிசு அவனுக்கு மட்டும் உரியதன்று. ஊர் முழுவதற்கும் உரியது. நன்று. ஆயின் அந்தப் பெருமை அடுத்த சிறுவனுக்கு என்ன வழி திறக்கிறது? விடை தேடுவோர் கடல் கடந்து, ஈழத்தின் வடகரையிலுள்ள வல்வெட்டித்துறைக்குச் செல்லவேண்டும்.

வல்வெட்டித்துறை கப்பலோட்டிகளின் ஊர். அங்கே கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல், 1938-இல் அவ்வூர் மாலுமிகளோடு அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. அத்தகைய ஊரிலே 1943 மே 25-ஆம் நாள் பிறந்தவர் விவேகானந்தன் செல்வகுமார் ஆனந்தன். 1954-இல் பக்கத்து ஊரான தொண்டைமானாற்றைச் சேர்ந்த நவரத்தினசாமி, பாக்கு நீரிணையை நீந்திக் கடந்து தமிழகக் கரையேறினார். அப்போது ஆனந்தன் பத்து வயதுச் சிறுவர். கடல் கப்பலுக்கு மட்டுமே வழிவிடும் என்று எண்ணியிருந்த பிள்ளைகளுக்கு, மனிதனின் இரு கைகளுக்கும் அது வழிவிடும் என்பது கண்கூடாயிற்று.

வளர்ந்து வழக்கறிஞரான ஆனந்தன், கடலை மறக்கவில்லை. 1971-இல் இலங்கைக் கரையிலிருந்து இந்தியக் கரைக்கு நீந்திச் சென்று, மீண்டும் நீந்தியே திரும்பினார். போக வர 51 மணி நேரம்! தமிழர் அவரை ஆழிக்குமரன் என்று அழைத்தனர். 1979-இல் கொழும்பு விகாரமாதேவிப் பூங்காவைச் சுற்றி 187 மணி 28 நிமிட நேரம் இடைவிடாது சைக்கிள் ஓட்டினார். 1981-இல் சென்னைக் கடற்கரையிலுள்ள அண்ணா நீச்சல் குளத்தில் 80 மணி நேரம் மூழ்காது மிதந்து நின்றார். கின்னஸ் நூலில் அவர் பெயர் பலமுறை ஏறிற்று.

எஞ்சியிருந்தது ஆங்கிலக் கால்வாய். அதன் மிகக் குறுகிய அகலம் சுமார் 34 கிலோமீட்டர்தான். ஆனால் தொலைவு வேறு, குளிர் வேறு. நம் கடல் வெதுவெதுப்பானது. அக்கால்வாயின் நீரோ கோடையிலும் 18 பாகைக்கு மேல் பெரும்பாலும் ஏறுவதில்லை. காற்றைவிட நீர் பன்மடங்கு விரைவாக உடற்சூட்டை உறிஞ்சிவிடும். 1984 ஆகஸ்டு 6-ஆம் நாள், அந்தக் கால்வாயை நீந்திக் கடக்கும் முயற்சியிலேயே ஆனந்தன் உயிர் நீத்தார். அவருக்கு வயது 41.

நண்பர்களே, துணிவைப் போற்றும்போது அதற்கு அவர் கொடுத்த விலையையும் நினைத்தல் வேண்டும். வெற்றியை மட்டும் கொண்டாடும் ஊர், வீரனை மேலும் மேலும் என்று முன்னே தள்ளுகிறது. அவனது உடலையும் உயிரையும் காக்கும் பயிற்சியும் துணையும் தரும் ஊரே அவனை உண்மையில் நேசிக்கிறது.

வல்வெட்டித்துறை இதை ஒருவாறு உணர்ந்தது. இன்று அவ்வூரில் ஆழிக்குமரன் ஆனந்தன் பெயரால் நீச்சல் தடாகம் ஒன்று இருக்கிறது. வாழ்த்து மடலும் மலர்மாலையும் வாடிவிடும். குளமோ அடுத்த தலைமுறைக்கு நீந்தக் கற்றுத் தரும். பந்தயத்தில் முந்திவந்த பள்ளி மாணவனைத் தோளில் தூக்கும் நம் ஊர்களும், இறக்கிவிட்ட மறுநாளே அவனுக்கும் அவன் தம்பிமார்க்கும் ஓர் ஆடுகளமும் ஒரு நல்லாசிரியரும் தேடித் தரட்டும். அதுவே நிலைத்த பெருமை.