பயத்திற்குப் பயப்படாத மருத்துவர்

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். முதலாம் ஆண்டில் என் கண்ணுக்கு இருண்டு தெரிந்தது தேர்வு மண்டபம். வினாத்தாளைத் திருப்பும் முன்பே நெஞ்சு படபடத்தது, கைகள் சில்லிட்டன, மூச்சு முட்டியது. மாரடைப்பு என்றே நினைத்தேன். பரிசோதித்த மருத்துவர் இருதயத்தில் குறையேதும் இல்லை என்றார். மனநல ஆலோசகர் ஒருவரிடம் பேசிப் பார்க்கச் சொன்னார். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. வெறும் பேச்சு நோயைத் தீர்க்குமா? இந்தச் சந்தேகத்தோடு இருந்தபோதுதான் ஆஸ்திரேலிய மருத்துவர் கிளேர் வீக்ஸின் வாழ்க்கையைப் படித்தேன்.

கிளேர் வீக்ஸ் 1903ஆம் ஆண்டு சிட்னியில் பிறந்தார். அவர் முதலில் மருத்துவர் அல்லர், விலங்கியல் ஆய்வாளர். முட்டையிடாமல் குட்டி போடும் பல்லி இனங்களை ஆராய்ந்தார். 1930இல் சிட்னி பல்கலைக்கழகத்தில் அறிவியல் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண் என்ற பெருமையும் அவரைச் சேர்ந்தது.

ஆனால், அந்தப் பெருமைக்குப் பின்னால் ஒரு துன்பம் இருந்தது. இருபது வயதுகளில் அவர் நோய்வாய்ப்பட்டார். காசநோய் என்று தவறாகக் கணித்து, அதற்கான சிகிச்சை இல்லத்தில் சேர்த்தார்கள். வேலையின்றிப் படுத்திருந்தவருக்குத் தன் இதயத் துடிப்பே உலகமாகிவிட்டது. வெளியே வந்தபோது அவர் முன்னைவிட மோசமாக இருந்தார். இதயம் திடீர் திடீரென்று வேகமாக அடித்தது. எந்நேரமும் ஏதோ நடந்துவிடும் என்ற அச்சம் அவரை ஆட்டிப்படைத்தது.

அவரை மீட்டது மருந்து அன்று, ஓர் உரையாடல். முதல் உலகப் போரில் படைவீரராக இருந்த நண்பர் ஒருவரிடம் தன் நிலையைக் கூறினார். போர்க்களத்தில் வீரர்களுக்கும் இதயம் இப்படித்தான் அடித்தது என்றும், அது நோயன்று, அச்சத்தின் வேலை என்றும் நண்பர் விளக்கினார். வீக்ஸுக்கு உண்மை புலப்பட்டது. அச்சம் தோன்றினால் உடலில் அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது. அந்தத் துடிப்பைக் கண்டு மீண்டும் அஞ்சினால், மேலும் அட்ரினலின் சுரக்கிறது. இதைத்தான் பிற்காலத்தில் அவர் முதல் அச்சம், இரண்டாம் அச்சம் என்று பிரித்துக் காட்டினார். முதல் அச்சம் தானாக வருவது. இரண்டாம் அச்சம் நாம் அதோடு சேர்ப்பது.

பின்னர் அவர் மருத்துவம் பயின்று, 1945இல் பட்டம் பெற்றார். அப்போது அவருக்கு வயது நாற்பதைக் கடந்திருந்தது. நோயாளிகளிடம் சிறுவயதுக் கதைகளைக் கிளறுவதில் அவர் நேரத்தைச் செலவிடவில்லை. உடலில் நடப்பதை எளிமையாக விளக்கினார். அச்சத்தை எதிர்கொள்ளுதல், அதை ஏற்றுக்கொள்ளுதல், அதோடு போராடாமல் மிதந்து செல்லுதல், காலத்திற்கு இடம் கொடுத்தல் என நான்கு படிகளைக் கற்பித்தார். 1962இல் வெளிவந்த அவருடைய முதல் நூல் பல நாட்டு வாசகர்களைச் சென்றடைந்தது. வீட்டை விட்டு வெளியேறவே அஞ்சியவர்களுக்காக அவர் தம் பேச்சை ஒலிப்பதிவு செய்தும் வழங்கினார். மனநல வல்லுநர் பலர் அவரை ஐயத்தோடு பார்த்தனர். அவர் மனநல மருத்துவத்தில் சிறப்புப் பட்டம் பெற்றவர் அல்லர்.

நண்பர்களே, ஒருவரின் அனுபவம் மட்டும் சான்றாகிவிடாது. ஆனால், எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பயிற்றும் பேச்சுவழிச் சிகிச்சை பீதி நோய்க்குப் பயன் தருகிறது என்பதைப் பின்னர் வந்த பல ஆய்வுகள் காட்டின. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல்களும் அதைப் பரிந்துரைக்கின்றன. எல்லாருக்கும் ஒரே அளவில் பலன் கிட்டுவதில்லை. சிலருக்கு மருந்தும் தேவைப்படுகிறது. பேச்சோடு நின்றுவிட்டாலும் போதாது. அஞ்சிய இடத்திற்கு மீண்டும் போய் நிற்க வேண்டும்.

வீக்ஸ் 1990இல் காலமானார். முதுமையிலும் சில இரவுகளில் படபடப்பு அவரை எழுப்பியதுண்டு. அதை அவர் மறைக்கவில்லை. அதற்காக யாருடைய அனுதாபத்தையும் நாடவுமில்லை. வந்தது போய்விடும் என்று அவருக்குத் தெரியும். என்னை அதிகம் தொட்டது இதுதான். குணமடைதல் என்றால் அச்சமே வராமல் போவது என்று அதுவரை எண்ணியிருந்தேன்.

நான் ஆலோசகரிடம் சென்றேன். ஆறு வாரம் பேசினோம். ஆளில்லாத தேர்வு மண்டபத்தில் தனியே உட்கார்ந்தும் பழகினேன். அடுத்த பருவத் தேர்வன்று நெஞ்சு மீண்டும் படபடத்தது. படபடக்கட்டும் என்று விட்டுவிட்டு, பெயரையும் பதிவு எண்ணையும் எழுதத் தொடங்கினேன். மூன்றாவது வினாவுக்கு வந்தபோது படபடப்பு எப்போது நின்றது என்பதே எனக்குத் தெரியவில்லை.

உங்கள் விடுதி அறைத் தோழருக்கும் இப்படி நேரலாம். மனத்தைத் திடப்படுத்திக்கொள் என்று சொல்லிவிட்டு நகராதீர்கள். முதலில் மருத்துவரிடமும், பிறகு ஆலோசகரிடமும் அழைத்துச் செல்லுங்கள். கதவு வரையிலாவது உடன் நடந்து போங்கள்.