கடல் சாமந்தியை வீட்டுக்குக் கொண்டுவந்தவர்... கடைசியில் வருந்தியது ஏன்? யார் இந்த பிலிப் ஹென்றி காஸ்?

கண்ணாடித் தொட்டியில் கடல் சாமந்தி பார்த்திருக்கீங்களா? பேருதான் பூ, ஆனா அது விலங்கு. அதை வீட்டில் வளர்க்கும் மோகத்தைப் பரப்பியதில் முக்கியமானவர் பிலிப் ஹென்றி காஸ்.

1810-ல் இங்கிலாந்தின் வூஸ்டரில் பிறந்தவர். கனடாவில் விவசாயம், அலபாமாவில் வாத்தியார் வேலை, ஜமைக்காவில் பறவை ஆய்வு என ஊர் ஊராகச் சுற்றினார். 1852-ல் உடம்பு சரியில்லாமல் டெவன் கடற்கரைக்குப் போனதுதான் திருப்பம். பாறைக் குட்டைகளில் இருந்த சாமந்திகளை எடுத்துவந்து வளர்த்தார்.

தண்ணீர் கெட்டால் அவை செத்துவிடும். அதனால் கூடவே கடற்பாசியையும் வைத்தார். வெளிச்சம் பட்டால் பாசி ஆக்சிஜன் தரும். தண்ணீர் வற்றினால் கடல்நீர் சேர்க்கக் கூடாது, நல்ல தண்ணீர்தான் ஊத்தணும். உப்பு ஆவியாகாதே! (இன்னைக்கும் இதே விதிதான்.) கடலுக்குத் தூரமாக இருப்பவர்களுக்காக உப்புகளைக் கலந்து செயற்கைக் கடல்நீரும் தயாரித்தார்.

1853-ல் லண்டன் உயிரியல் பூங்காவில் திறந்த மீன் காட்சியகத்துக்கு உயிரினங்களைக் கொடுத்தார். அடுத்த வருஷம் வந்த அவரது 'தி அக்வேரியம்' புத்தகம் சக்கைப்போடு போட்டது. 1857-ல் மனைவி எமிலி புற்றுநோயால் இறந்தார். 1860-ல் சாமந்திகளுக்கென்றே தனி நூலை முடித்தார்.

அதற்குள் நிலைமை கைமீறியிருந்தது. புத்தகத்தைப் படித்தவர்கள் கடற்கரைக்குப் படையெடுத்து அள்ளியதில் குட்டைகள் காலியாகின. காஸ் 1888-ல் இறந்தார். அந்த அழிவுக்குத் தன் புத்தகங்களே காரணம் என்று அப்பா புரிந்துகொண்டு மனம் நொந்ததை, 1907-ல் மகன் எட்மண்ட் எழுதினார்.