கைவிடப்பட்ட குழந்தைகளிடம் பாடம் படித்த மாண்டிசோரி அம்மையார்

மாண்டிசோரி என்றால் ஏதோ ஒரு தினுசுப் பள்ளிக்கூடத்தின் பெயர் என்றே பலர் நினைத்திருக்கிறார்கள். மும்பையிலும் பெங்களூரிலும் தெருவுக்குத் தெரு அந்தப் பலகை தொங்குகிறது. உண்மையில் அது ஒரு பெண்மணியின் பெயர். இன்று பல இடங்களில் கட்டணத்தைக் கேட்டதுமே குமாஸ்தா வேலை பார்க்கும் தகப்பனார் வந்த வழியே திரும்பிவிடுகிறார். ஆனால் அந்தப் பள்ளி முதன்முதலில் கூலி வேலைக்காரர்களின் குழந்தைகளுக்காகவே ஏற்பட்டது.

மரியா மாண்டிசோரி 1870 ஆகஸ்டு 31-ந் தேதி இத்தாலியில், கியாரவல்லே என்ற சிற்றூரில் பிறந்தார். தகப்பனார் சர்க்கார் உத்தியோகஸ்தர். மாற்றல் காரணமாகக் குடும்பம் ரோம் நகருக்கு வந்தது. மகள் டாக்டருக்குப் படிக்கப் போவதாகச் சொன்னதும் தகப்பனார் முகம் சுளித்தார். தாயார்தான் துணை நின்றார். ஆண் மாணவர்களோடு சேர்ந்து ஒரு பெண் பிரேதத்தை அறுத்துப் பார்ப்பது தகாது என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு, அந்த அறையில் தன்னந்தனியாக நின்று பாடம் படித்தார். நாற்றம் தாங்காமல் புகையிலை புகைத்ததாகவும் சொல்வார்கள். 1896-ல் டாக்டர் பட்டம் வாங்கினார்.

பட்டம் பெற்றபின் அவர் ரோமில் மனநோய் விடுதிகளைச் சுற்றிப் பார்த்தார். மந்தபுத்தி என்று தள்ளப்பட்ட குழந்தைகளைப் பெரியவர்களோடு சேர்த்து அங்கே அடைத்து வைத்திருந்தார்கள். சாப்பாடு முடிந்ததும் அந்தக் குழந்தைகள் தரையில் சிந்திய ரொட்டித் துணுக்குகளைத் தேடுவதைக் காவல்காரி அருவருப்போடு காட்டினாள். டாக்டர் அம்மாளுக்கு வேறொன்று தோன்றியது. வெறும் சுவருக்குள் இருக்கும் பிள்ளைகளுக்குக் கையில் எடுத்துப் பார்க்க அந்தத் துணுக்கைத் தவிர ஒரு பொருளும் இல்லை. பசி வயிற்றில் இல்லை, புத்தியில் இருந்தது.

வழி தேடிப் பழைய புத்தகங்களைப் புரட்டினார். 1800-ம் ஆண்டில் பிரான்சு நாட்டில், காட்டில் விலங்கு போலத் திரிந்த ஒரு சிறுவன் பிடிபட்டான். இட்டார் என்ற டாக்டர் அவனுக்கு விக்டர் என்று பெயரிட்டுச் சில வருஷம் பாடுபட்டார். பேச்சு வரவில்லை, ஆனால் எழுதிய சில சொற்களை அடையாளம் கண்டுகொண்டான். இட்டாரின் வழியில் வந்த செகன் என்பவர் தொட்டும் பார்த்தும் கற்கும் கருவிகளைச் செய்தார். இந்த இருவரின் நூல்களையும் மாண்டிசோரி தம் கைப்பட இத்தாலிய மொழியில் எழுதி எடுத்தார். 1900-ல் தொடங்கிய ஒரு பள்ளியில் அந்த முறையைப் பரீட்சித்தார். மந்தபுத்திக் குழந்தைகள் சிலர் சாதாரணப் பிள்ளைகளின் சர்க்கார் பரீட்சையிலேயே தேறினார்கள்!

ஊரே அதிசயித்தது. அம்மையாருக்கு மட்டும் கவலை. இவர்களே தேறுகிறார்கள் என்றால், நல்ல புத்தியுள்ள குழந்தைகளைப் பள்ளிக்கூடங்கள் எந்த அளவுக்கு அமுக்கி வைத்திருக்க வேண்டும் என்று யோசித்தார்.

இந்தச் சமயத்தில் அவர் வாழ்க்கையில் ஒரு துயரமும் இருந்தது. உடன் பணியாற்றிய டாக்டர் மூலம் 1898-ல் அவருக்கு ஒரு மகன் பிறந்தான். கல்யாணம் நடக்கவில்லை. மரியோ என்ற அந்தக் குழந்தை கிராமத்தில் வேறொரு குடும்பத்தில் வளர்ந்தான். ஊரார் குழந்தைகளுக்காக உழைத்த தாய், தம் குழந்தையை அவ்வப்போது போய்ப் பார்த்து வந்தார். பதினைந்து வயதளவில்தான் மகன் அவரோடு வந்து சேர்ந்தான். அப்போதும் ஊருக்கு அவன் உறவுக்காரப் பையன்தான்.

ரோமில் சான் லொரென்சோ என்ற ஏழைகள் வட்டாரம் இருந்தது. பிழைப்புத் தேடி நாட்டுப்புறங்களிலிருந்து வந்தவர்கள் அங்கே நெருக்கியடித்துக் குடியிருந்தார்கள். தாயும் தகப்பனும் வேலைக்குப் போய்விட்டால் சிறுசுகள் மாடிப்படியில் ஓடிச் சுவரெல்லாம் கிறுக்கும். சுவர் கெடுகிறதே என்ற கவலையில் கட்டடக் கம்பெனி ஓர் அறையை ஒதுக்கியது. 1907 ஜனவரி 6-ந் தேதி அங்கே குழந்தைகள் இல்லம் திறக்கப்பட்டது.

அங்கே மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி மர உருளைகளைக் குழிகளில் பொருத்திக் கொண்டிருந்தாள். அவளை நாற்காலியோடு தூக்கி மேஜைமேல் வைத்தார்கள். மற்றப் பிள்ளைகளைப் பாடச் சொன்னார்கள். அவள் தலை நிமிரவில்லை. நாற்பது தடவைக்கு மேல் செய்துவிட்டுத் தானாகவே நிறுத்தி, தூங்கி எழுந்தவள் போலச் சிரித்தாள். மற்றொரு நாள் மூக்குச் சிந்துவது எப்படி என்று அம்மையார் செய்து காட்டினார். பிள்ளைகள் கைதட்டி ஆரவாரம் செய்தார்கள். மூக்கு ஒழுகுகிறது என்று எல்லோரிடமும் திட்டு வாங்கிய பிள்ளைகள். அதுவரை யாரும் அதைச் சொல்லித் தரவில்லை.

எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார்கள், தம் பிள்ளைகளுக்காவது எழுத்துச் சொல்லித் தரும்படி கேட்டார்கள். உப்புத்தாளில் எழுத்துக்களை வெட்டி ஒட்டி விரலால் தடவச் செய்தார். சில மாதம் கழித்து, சாக்குக் கட்டியால் புகைபோக்கியை வரையச் சொன்னபோது, ஐந்து வயதுப் பையன் படத்தோடு நிற்காமல் சொற்களையும் தரையில் எழுதிவிட்டான். அது மற்றப் பிள்ளைகளையும் தொற்றிக்கொண்டது.

பரிசும் தண்டனையும் இங்கே பயன்படவில்லை. குதிரைக்காரன் வெல்லக்கட்டி கொடுத்தாலும் சரி, சவுக்கால் அடித்தாலும் சரி, புல்வெளியில் தன் இஷ்டத்துக்கு ஓடும் குதிரையின் ஓட்டம் வராது என்று அம்மையார் எழுதினார். முன்பு சர்க்கஸில் கரடி சைக்கிள் விட்டதும் அப்படித்தானே! பிராணிகளிடமிருந்து அவர் எடுத்துக்கொண்ட பாடம் வேறு. ஒருவகைக் கம்பளிப்புழு பிறந்தவுடன் வெளிச்சத்தை நாடிக் கிளை நுனிக்குப் போகும். அங்கேதான் இளந்தளிர் இருக்கும். முற்றிய இலை தின்னும் வயது வந்ததும் அந்த நாட்டம் போய்விடும். டி விரீஸ் என்ற டச்சு விஞ்ஞானி சொன்ன இதைப்போலவே, பேச்சுக்கும் ஒழுங்குக்கும் கைவேலைக்கும் குழந்தைக்கு ஒவ்வொரு பருவம் உண்டு என்றார்.

புகழ் பரவியது. 1924 முதல் முசோலினியின் ஆதரவையும் ஏற்றுக்கொண்டார். அது நல்ல முடிவல்ல. 1934-ல் இத்தாலியில் அவர் பள்ளிகள் மூடப்பட்டன.

1939-ல், 69 வயதில், ருக்மிணி தேவியும் அருண்டேலும் அழைக்க, மகனோடு சென்னைக்கு வந்தார். அடையாறில் கீற்றுக் கொட்டகைகளில் முந்நூறு பேர் பாடம் கேட்டார்கள். அவர் இத்தாலிய மொழியில் பேச, மரியோ ஆங்கிலத்தில் சொன்னார். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியது. மரியோவை அகமதுநகரில் காவலில் வைத்தார்கள். அம்மையாரை அடையாறு வளாகத்தை விட்டு வெளியேறக் கூடாது என்றார்கள். ஆகஸ்டு 31-ல் அவருடைய எழுபதாவது பிறந்தநாள். வைஸ்ராயிடமிருந்து தந்தி வந்தது. பிறந்தநாள் பரிசாக மகனைத் திருப்பி அனுப்புவதாகச் செய்தி. ஊரறிய அவன் மகன் என்று குறிக்கப்பட்டது அப்போதுதான் என்பார்கள்.

பிறகு கொடைக்கானலில் சுமார் இரண்டு வருஷம் தங்கிப் பள்ளி நடத்தினார். 1946-ல் ஐரோப்பா திரும்பி, அடுத்த வருஷமே மறுபடி இந்தியா வந்து 1949 வரை இருந்தார். ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆசிரியர்கள் இங்கே அவரிடம் பயிற்சி பெற்றார்கள்.

1952 மே 6-ந் தேதி ஹாலந்தில் நோர்ட்விக் என்ற கடற்கரை ஊரில் காலமானார். வயது 81. ஆப்பிரிக்காவுக்குப் போய் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரலாமா என்று அன்று மகனோடு பேசிக்கொண்டிருந்தார். உடம்பு தாங்காது என்று மகன் தடுத்துப் பார்த்தார்.