சுமை தூக்கியவர் தொட்ட சிகரம்

சுங்கை பினாங் வட்டாரத்திலிருந்து மேற்கே நோக்கினால் கொடிமலை கண்ணுக்குத் தெரியும். 833 மீட்டர் உயரமுள்ள அம்மலையில் காலையில் ஏறத் தொடங்குவோர் அன்றே வீடு திரும்பிவிடலாம். சபாவில் உள்ள கினபாலு மலையின் உயரம் 4,095 மீட்டர். அதன் உச்சிக்குச் சென்று வரப் பொதுவாக இரண்டு நாள்கள் தேவை. உரிமம் பெற்ற மலை வழிகாட்டி ஒருவர் உடன் செல்லவேண்டும் என்பது அங்குள்ள விதி. இமயமலைத் தொடரில் இருக்கும் எவரெஸ்டோ 8,848 மீட்டர் உயரமுடையது. அம்மலையின் உச்சியை அடைய வாரக்கணக்கில் நடக்கவேண்டும், ஏறவேண்டும். இத்தகைய பயணங்களில் சுமை தூக்குவோரும் வழிகாட்டுவோரும் இல்லாமல் யாரும் வெற்றி பெற்றதில்லை என்றே கூறலாம். ஆனால், வெற்றியைப் பற்றிப் பேசும்போது அவர்களின் பெயர்கள் பெரும்பாலும் மறக்கப்பட்டுவிடும். அந்நிலையை மாற்றியவர்தான் டென்சிங் நோர்கே.

டென்சிங் 1914ஆம் ஆண்டு ஏழைக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். அவர் பிறந்த தேதியை யாரும் எழுதி வைக்கவில்லை. பதின்மூன்று பிள்ளைகளுள் அவர் பதினோராமவர். பெற்றோர் அவருக்கு முதலில் இட்ட பெயர் நம்கியால் வாங்டி. பின்னர், பௌத்தத் துறவி ஒருவரின் அறிவுரைப்படி அப்பெயர் டென்சிங் நோர்கே என மாற்றப்பட்டது. நோர்கே என்பதற்கு நற்பேறு உடையவர் என்பது பொருள். தந்தையார் யாக் எனப்படும் சடை எருதுகளை மேய்த்து வந்தார். டென்சிங்கும் எருதுகளை ஓட்டிக்கொண்டு மலைச்சரிவுகளில் அலைந்து திரிந்தார். பள்ளிக்கூட வாசலை மிதிக்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. எவரெஸ்டை அவ்வூர் மக்கள் சோமோலுங்மா என்று அழைத்தனர். பறவைகளால்கூடப் பறந்து கடக்க முடியாத மலை என்று தாயார் அதனைப் பற்றிக் கூறியது அச்சிறுவரின் மனத்தில் ஆழப் பதிந்தது. ஒருநாள் அம்மலையின் உச்சியில் நிற்கவேண்டும் என்னும் ஆசை அப்போதே முளைவிட்டது.

அக்காலத்தில் வெளிநாட்டு மலையேறும் குழுக்கள் டார்ஜிலிங் நகரில்தான் சுமை தூக்குவோரை வேலைக்குச் சேர்த்தன. எனவே, பதினெட்டு வயதில் டென்சிங் வீட்டை விட்டு வெளியேறி டார்ஜிலிங்கிற்குச் சென்றார். 1933ஆம் ஆண்டு எவரெஸ்டுக்குப் புறப்பட்ட குழுவில் இடம் கேட்டார், கிடைக்கவில்லை. பிறர் அறியாமல் வருந்தினாரே தவிர ஊருக்குத் திரும்பவில்லை. பால் விற்றும் கூலி வேலை செய்தும் காத்திருந்தார். 1935ஆம் ஆண்டு எரிக் ஷிப்டன் என்னும் ஆங்கிலேயர் தம் குழுவுக்கு ஆள் எடுத்தார். வரிசையில் நின்ற இளைஞர்களுள் முன்அனுபவம் இல்லாத டென்சிங்கின் முகத்தில் மலர்ந்திருந்த புன்னகை அவரைக் கவர்ந்தது. டென்சிங்கின் மலையேற்ற வாழ்க்கை இவ்வாறு தொடங்கியது.

சுமை தூக்குவது எளிய வேலையன்று. கூடாரம், கயிறு, உணவு, எரிபொருள், உயிர்வாயுக் கலன் ஆகிய அனைத்தையும் மனிதர்களே முதுகில் சுமந்து செல்லவேண்டும். மேலே செல்லச் செல்லக் காற்றில் உயிர்வாயுவின் அளவு குறையும். பத்து அடி நடந்தாலே மூச்சு வாங்கும். முகாம் அமைத்துவிட்டு அவர்கள் கீழே இறங்கிவிடுவார்கள். உச்சியை நோக்கிச் செல்வோர் வேறு சிலராக இருப்பர். டென்சிங் 1936, 1938 ஆகிய ஆண்டுகளிலும் இப்பணியைச் செய்தார். 1938ஆம் ஆண்டு அவர் மிக உயரத்தில் இருந்த முகாம் வரையில் சுமை கொண்டு சென்றார். அதற்காக அவருக்குப் புலிப் பதக்கம் வழங்கப்பட்டது. 1947ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்துக் குழுவொன்றில் அவர் சர்தார் ஆனார். சுமை தூக்குவோரைத் தேர்ந்தெடுப்பதும் அவர்களுக்குக் கூலி பெற்றுத் தருவதும் அவர்களுக்காகப் பேசுவதும் சர்தாரின் கடமைகளாகும்.

1952ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்துக் குழு எவரெஸ்டில் ஏறியது. அக்குழு டென்சிங்கைச் சர்தாராக மட்டுமின்றி, மலையேறும் உறுப்பினராகவும் ஏற்றது. ரேமண்ட் லாம்பெர்ட் என்பவரும் டென்சிங்கும் இணைந்து ஏறினர். ஒருவர் மொழி மற்றவருக்குச் சரியாகத் தெரியாது. ஆயினும், இருவரும் உற்ற நண்பர்களாயினர். உச்சிக்கு அருகில் ஒரு சிறு கூடாரத்தில் உறங்கும் பையும் அடுப்பும் இன்றி இரவைக் கழித்தனர். மெழுகுவத்திச் சுடரில் பனிக்கட்டியை உருக்கித் தாகம் தணித்தனர். மறுநாள், ஏறத்தாழ 8,600 மீட்டர் உயரத்தை எட்டினர். அதுவரை மனிதர் யாரும் அவ்வளவு உயரம் சென்றதாகப் பதிவில்லை. எனினும், மேலும் ஏறினால் உயிருடன் திரும்ப முடியாது என உணர்ந்து இருவரும் இறங்கினர். அவ்வாண்டின் பிற்பகுதியில் மீண்டும் முயன்றபோதும் கடுங்குளிர் அவர்களைத் தடுத்தது. டென்சிங்கிற்கு லாம்பெர்ட் ஒரு சிவப்புக் கழுத்துத் துணியை அன்பளிப்பாகத் தந்தார்.

மலேரியாக் காய்ச்சலால் டென்சிங் மெலிந்து போயிருந்த வேளையில், பிரிட்டிஷ் குழுவின் அழைப்பு வந்தது. அது அவருக்கு ஏழாவது முயற்சி. ஜான் ஹண்ட் தலைமையிலான அக்குழு 1953ஆம் ஆண்டு மார்ச் மாதம் காட்மாண்டுவிலிருந்து புறப்பட்டது. புறப்படும் முன்னரே ஒரு சிக்கல் எழுந்தது. செர்ப்பாக்கள் தங்குவதற்கு அங்கு ஒரு வாகனக் கொட்டகை ஒதுக்கப்பட்டது. அதில் கழிவறைகூட இல்லை. அவர்கள் சினம் கொண்டனர். தம் மக்களின் மனக்குறை நியாயமானது என்பதை டென்சிங் அறிவார். ஆயினும், அதனால் பயணம் குலைந்துவிடக்கூடாது என்றும் கருதினார். இரு தரப்புக்கும் இடையில் நின்று நிலைமையைச் சமாளித்தார்.

முந்நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் சுமைகளைத் தூக்கிக்கொண்டு மலையடிவாரத்தை நோக்கி நடந்தனர். இரு வாரங்களுக்கு மேல் நீடித்த அந்நடைப்பயணத்திற்குப் பின் பனியாற்றில் ஏறும் பணி தொடங்கியது. ஒருநாள் நியூசிலாந்தைச் சேர்ந்த எட்மண்ட் ஹில்லரி பனிப்பிளவு ஒன்றில் விழுந்தார். அவரோடு கயிற்றால் பிணைக்கப்பட்டிருந்த டென்சிங் நொடிப்பொழுதில் பனிக்கோடரியை ஊன்றிக் கயிற்றை இறுக்கிப் பிடித்து அவரைக் காப்பாற்றினார். அன்றுமுதல் இருவரும் சிறந்த இணையாயினர்.

மே 26ஆம் நாள் முதல் இணை உச்சிக்கு நூறு மீட்டர் கீழே வரை சென்று திரும்பியது. அடுத்த வாய்ப்பு ஹில்லரிக்கும் டென்சிங்கிற்கும் கிடைத்தது. மே 28ஆம் நாள் இரவு இருவரும் ஏறத்தாழ 8,500 மீட்டர் உயரத்தில் தங்கினர். மறுநாள் காலை ஹில்லரியின் காலணிகள் உறைந்து கல்லாகிக் கிடந்தன. அவற்றை அடுப்பில் காட்டி இளக்கிய பின்னரே இருவரும் 6.30 மணிக்குப் புறப்பட்டனர். பனியில் படி வெட்டினர். செங்குத்தான பாறை ஒன்றைக் கடந்தனர். முற்பகல் 11.30 மணிக்கு இருவரும் உலகின் மிக உயர்ந்த இடத்தில் நின்றனர். அங்குப் பதினைந்து நிமிடங்களே இருந்தனர். டென்சிங் தம் பனிக்கோடரியில் கொடிகளைக் கட்டி உயர்த்திப் பிடித்தார். ஹில்லரி அதனைப் படம் எடுத்தார். டென்சிங்கின் கழுத்தில் லாம்பெர்ட் தந்த சிவப்புத் துணி இருந்தது. வெற்றி கிட்டிய வேளையிலும் பழைய நண்பரை அவர் மறக்கவில்லை. கடவுளுக்குப் படையலாகச் சில இனிப்புகளையும், தம் மகள் கொடுத்தனுப்பிய பென்சிலையும் பனியில் புதைத்தார்.

மலையிலிருந்து இறங்கியதும் புதிய புயல் காத்திருந்தது. முதலில் உச்சியில் கால் வைத்தவர் யார் என்று எல்லாரும் கேட்டனர். டென்சிங்தான் முதல்வர் என்று சிலர் கொண்டாடினர். அவரை ஹில்லரி இழுத்துச் சென்றார் என்று சிலர் ஏளனம் செய்தனர். இருவரும் ஏறத்தாழ ஒன்றாகவே உச்சியை அடைந்ததாகக் கூட்டறிக்கையில் கையொப்பமிட்டனர். ஆனாலும், பேச்சு ஓயவில்லை. இறுதியில், 1955ஆம் ஆண்டு வெளிவந்த தம் தன்வரலாற்றில் டென்சிங் உண்மையை வெளிப்படுத்தினார். ஹில்லரியே முதலில் அடி எடுத்து வைத்தார் என்றும், தாம் அவரைப் பின்தொடர்ந்ததாகவும் ஒப்புக்கொண்டார். தமக்குக் கிடைக்கக்கூடிய பெரும்புகழை உண்மைக்காக விட்டுக்கொடுக்கும் துணிவு அவரிடம் இருந்தது.

ஹண்டும் ஹில்லரியும் சர் பட்டம் பெற்றனர். டென்சிங்கிற்கு ஜார்ஜ் பதக்கம் வழங்கப்பட்டது. இந்த வேறுபாடு பலரை வருத்தியது. டென்சிங்கோ அதனைப் பெரிதுபடுத்தாமல் தம் பணியில் கவனம் செலுத்தினார். 1954ஆம் ஆண்டு டார்ஜிலிங்கில் தொடங்கப்பட்ட இமயமலை ஏற்றப் பயிற்சி நிலையத்தின் களப்பயிற்சி இயக்குநராகப் பொறுப்பேற்றார். எழுதப் படிக்க அறியாத அவர், பல மொழிகள் பேசினார். இளைஞர் பலருக்கு மலையேற்றத்தைக் கற்பித்தார். 1959ஆம் ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பத்ம பூஷண் விருது அளித்தது. 1986ஆம் ஆண்டு மே 9ஆம் நாள் டார்ஜிலிங்கில் அவர் காலமானார். அவருடைய இறுதிச் சடங்கில் ஹில்லரியும் கலந்துகொண்டார்.

1997ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் மலேசியர்களான எம். மகேந்திரனும் என். மோகனதாசும் எவரெஸ்டின் உச்சியை அடைந்து நம் நாட்டுக்குப் பெருமை சேர்த்தனர். அவர்களுடைய பயணத்திலும் செர்ப்பாக்கள் துணை நின்றனர். இன்றும் அம்மலையில் வழி அமைப்போரும் சுமை தூக்குவோரும் அவர்களே. அடுத்த முறை மலையேறச் செல்லும்போது நமக்கு முன்னே நடக்கும் வழிகாட்டியின் பெயரைக் கேட்டறிவோம். உச்சியில் எடுக்கும் படத்தில் அவருக்கும் ஓர் இடம் அளிப்போம்.